ஆவாரம்பட்டையும் நீராவிக் காலமும்

நீராவி இயந்திரங்களின் காலம் முடியாமல் நீண்டிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்யும் கதைகளுக்கு ‘ஸ்டீம்பங்க்’ என்று பெயர் வைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர். 1987இல் ‘லோகஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் பாதி வேடிக்கையாக அவர் போட்ட பெயர் அது. கதையில் தொடங்கியது பின்னர் உடையாயிற்று. உள்ளே கிடந்த கார்செட் மேலாடையாக வெளியே வந்தது. பித்தளைச் சட்டமிட்ட கண்ணாடி, முன்கையை மூடும் தோல்பட்டை, பைகள் தொங்கும் இடுப்பு வார், எதையும் சுழற்றாத பல்சக்கரங்கள் என்று ஒரு சீருடையே உருவாகிவிட்டது. தமிழ் வாசகருக்கு இது முழுக்க அந்நியமான ரசனை என்று சொல்ல முடியாது. 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை இன்றும் தேடிப் பிடித்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஆண்டு ‘கங்கா’ படத்தில் ஜெய்சங்கர் துப்பாக்கி வாரும் தொப்பியுமாகக் குதிரை ஏறினார். 2010இல் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ அந்த வேடத்தையே கேலியும் பாசமுமாகத் திரும்ப எடுத்தது. இரவல் வேடத்தைப் போட்டு நடிக்க நமக்குத் தயக்கம் இருந்ததில்லை. அந்த வேடத்துக்கு நம் பக்கத்து வரலாறு ஏதும் உண்டா என்று கேட்கத்தான் மறந்துபோனோம். கைவினையாகப் பழங்கால உடையும் தோல் அணிகளும் செய்ய நினைப்பவர் லண்டன் தெருவை மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு ஏறும் சரிவில் ஒரு நீராவிக் காலம் உண்மையிலேயே நடந்திருக்கிறது, அதற்கான தோலும் அதைத் தைத்த கைகளும் சமவெளியில் இருந்திருக்கின்றன என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் இயந்திரங்கள். மூணாற்றுத் தேயிலையை மலையிலிருந்து இறக்குவதற்காக 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். வண்டியின் பாரம் அந்த ஒரே தண்டவாளத்தில் இறங்கும், பக்கத்துச் சாலையில் உருளும் ஒரு பெரிய சக்கரம் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும், இழுத்தவை மாடுகள். மாடு இழுக்கும் மோனோ ரயில் என்று எந்தப் புனைகதைக்காரராவது எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்றிருப்போம். 1908இல் அது இரண்டடி அகலச் சிறு ரயில்பாதையாக மாறி, நீராவி இஞ்சினும் வந்தது. டாப் ஸ்டேஷனுக்கு வந்த பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு சுமார் ஐந்து கிலோமீட்டர் சரிவைக் கடந்து கொட்டக்குடிக்கு இறங்கின. அதன்பின் மாட்டுவண்டியில் போடிக்கு. 1924ஆம் ஆண்டு வெள்ளம் மலைமேல் இருந்த ரயில்பாதையை அழித்தது. அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 1928இல், மதுரையிலிருந்து மீட்டர்கேஜ் ரயில் போடிக்கு வந்தது. அதன் தண்டவாளங்களையும் இரண்டாம் உலகப்போரின்போது பெயர்த்தெடுத்தார்கள், 1950களில் மறுபடி போட்டார்கள், 2010 இறுதியில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். 2023 ஜூனில்தான் ரயில் மீண்டும் போடிவரை வந்து சேர்ந்தது. இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே நீராவி வந்ததும் மாடு ஓய்வு பெற்றுவிடவில்லை. இரண்டும் ஒரே சங்கிலியின் அடுத்தடுத்த கண்ணிகளாக இருந்தன. மாட்டின் கழுத்து வாரும் தேயிலைத் தொழிற்சாலையின் நீண்ட சுழல்தண்டிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் சுழற்சியைக் கொண்டுபோன அகன்ற பெல்ட்டும் அந்தக் காலத்தில் தோலை நம்பியவை. எனவே ஏலமலையின் நீராவிக் காலத்தை உடையாக்கப் புகுந்தால் தோல் அங்கே அலங்காரத்துக்காக ஒட்டவைத்த பொருளாக இராது, அந்தக் காலம் ஓடியதே அதன் மேல்தான்.

அந்தத் தோல் எது என்பது அடுத்த கேள்வி, இதில் கைவினைஞருக்கு வேண்டிய விடை திண்டுக்கல், திருச்சி, வாணியம்பாடி, ஆம்பூர், சென்னைப் பெரியமேடு ஆகிய ஊர்களின் பழைய தோல் ஷாப்புகளில் இருக்கிறது. ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய் நீரில் முடித்து, எண்ணெய் பூசிக் காயவைத்த தென்னாட்டுத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ (ஈ.ஐ.) தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போயிற்று. ஆவாரம்பட்டையில் மட்டும் பதப்படுத்தினால் வெயில் பட்டுத் தோல் சிவந்துவிடும். கடுக்காய் அதைத் தடுக்கிறது. ஆவாரை போடி, தேனி வறட்டுக் காடுகளில் தானாகப் பூப்பது. கடுக்காய் மரம் மேலே சரிவின் இலையுதிர் காடுகளில் நிற்பது. பதனிடும் தொழில் இந்த மலையடிவாரத்தில் பெரிதாக வளராவிட்டாலும் அதன் சரக்கு இங்கே இருக்கிறது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்கு இந்தத் தோல் அவ்வளவு தேவைப்பட்டதால் அரசே வர்த்தகத்தைத் தன் பிடியில் எடுத்துக்கொண்டது. இன்று ஈ.ஐ. தோலுக்குத் தமிழ்நாட்டின் புவிசார் குறியீடும் உண்டு. இதற்கு எதிர்த்திசையில் வந்தது குரோமியத் தோல். ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903இல் சென்னையில் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கியபோது அவர் மனதில் இருந்த பயன்களில் ஒன்று கிணற்று நீர் இறைக்கும் கமலைச் சால்: எந்நேரமும் நனைந்து கிடக்கும் தோல் சீக்கிரம் இற்றுப்போகாமல் இருக்க வேண்டும். பிறகு குரோம் லெதர் கம்பெனி வந்து, குரோம்பேட்டை என்று ஒரு புறநகருக்கே பெயர் கொடுத்தது. இன்று உலகத் தோலில் பெரும்பங்கு குரோமியத்தில் பதனிடப்படுவதே. அது மென்மையானது, ஓரிரு நாளில் தயாராகிவிடுவது, தண்ணீரைத் தாங்குவது. ஆனால் பழங்கால உடைசெய்வோருக்கு அந்த மென்மை உதவாது. பட்டையில் பதனிட்ட தோலை நனைத்து அச்சில் அழுத்தினால் காய்ந்தபின் அந்த வடிவிலேயே நிற்கும். உளியால் கீறினால் கோடு மங்காது. முத்திரை அடித்தால் பதியும். ஓரத்தைத் தேய்த்து மெழுகினால் பளபளக்கும். தோள்பட்டைக் கவசம், முன்கைப் பட்டை, குடுவை உறை, கருவிப் பை என ஸ்டீம்பங்க் கேட்கும் எல்லாவற்றுக்கும் இந்தக் குணங்கள்தான் அடிப்படை. நல்ல உடைக்கலைஞர்கள் இத்தாலியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பட்டைத்தோல் வரவழைப்பதைப் பெருமையாகச் சொல்லும்போது, திண்டுக்கல் ரோட்டில் ஒரு லாரி தூரத்தில் இருப்பதைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு விளங்காத விஷயம்.

கார்செட்டுக்கு வருவோம், இங்கேதான் முதல் மறுப்பு எழும். பெண்ணுடலை இறுக்கிய கூண்டு அது, அதை எதற்காகத் தேனி மாவட்டத்துக்கு இழுத்து வர வேண்டும் என்பார்கள். இந்த மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய கார்செட் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில், பல துண்டுகளை வளைவாக இணைத்து, இடையிடையே திமிங்கிலத்தின் வாய்ச்சீப்பையோ எஃகுப் பட்டியையோ செருகி, முதுகில் நாடா கோத்து இறுக்கும் ஒரு பொறியியல். 1820களில் உலோக வளையமிட்ட துளைகள் வந்த பிறகு துணி கிழியாமல் முன்னைவிட அதிகம் இறுக்க முடிந்தது. ஆனால் விலா எலும்பை அகற்றிக்கொண்டார்கள் என்பது போன்ற கதைகளுக்கு ஆதாரம் இல்லை என்பதை வாலரி ஸ்டீல் 2001இல் வெளியிட்ட கார்செட் வரலாற்று நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். பெரும்பாலான பெண்கள் அதை இறுக்கத்துக்காக அணியவில்லை, தாங்கலுக்காகவே அணிந்தார்கள். கைவினைஞருக்கு இன்னும் முக்கியமான சான்று அதற்கு முந்தைய நூற்றாண்டில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் துணியும் திமிங்கிலச் சீப்பும் வாங்க முடியாத உழைக்கும் பெண்கள் தடித்த தோலிலேயே உடல்கச்சை செய்து போட்டுக்கொண்டார்கள். சீப்புக்குப் பதில் தோலில் கோடுகோடாகக் கீறி வளைத்தார்கள். தோல் கார்செட் சீமாட்டியின் உடை என்ற நம்பிக்கை ஸ்டீம்பங்க் கடைகளின் கற்பனை. ஆதாரத்தைக் கேட்டால் அது வேலைக்காரியின் உடை. அப்படியானால் ஏலமலையில் செய்யப்படும் தோல்கச்சைக்கு மாதிரி பங்களாவில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறது. வடிவமும் அதற்கேற்ப மாற வேண்டும்: முதுகு நாடாவைக் கைவிட்டு, அணிகிறவரே கட்டிக்கொள்ளும்படி பக்கவாட்டில் வார் வைப்பது, இடுப்பைக் குறைக்காமல் முதுகைத் தாங்குவது, உள்ளே சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் தறிகளில் சொல்லி நெய்வித்த கனத்த பருத்தியை வைப்பது. எஃகுப் பட்டி கிடைக்காத இடத்தில் பிரம்பு. பிரம்பும் நாணலும் ஐரோப்பாவிலேயே பழைய கச்சைகளில் செருகப்பட்டவை. வெப்பம் பற்றிய மறுப்புக்கு மட்டும் என்னிடம் முழு விடை இல்லை. தோல்கச்சை போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் போடி பஸ்நிலையத்தில் நிற்க முடியாது. அதுபோல மலைமேல் ஆடி மழையில் பட்டைத்தோலில் பூஞ்சை ஏறும். மெழுகும் எண்ணெயும் போட்டுக் காற்றோட்டமாக வைக்காவிட்டால் ஒரு பருவத்தில் பாழாகிவிடும். இது அன்றாட உடையாக முடியாது. மேடைக்கும் படத்துக்கும் திருவிழாவுக்குமான உடை என்ற எல்லையை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

மாதிரிகள் எங்கே என்று கேட்டால், ஏராளம். கலெக்டர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் இன்றும் ஏவலர் மார்பில் டவாலி குறுக்காகத் தொங்குகிறது. அதன் பித்தளை வில்லையைப் போல ஒரு ஸ்டீம்பங்க் பொருளை எவரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பரதநாட்டியச் சலங்கை தோல் பட்டையில் வரிசையாக மணிகளைத் தைத்த அணி. ராஜகம்பள நாயக்கரின் தேவராட்டத்திலும் காலில் சலங்கை உண்டு, போடி ஜமீனே அந்தச் சமூகத்தைச் சேர்ந்ததுதான். கமலையின் சாலும் அதன் அடியில் நீளும் தோல் தும்பியும் இன்றைய இளைஞர் பார்த்திராத பொருள்கள். ஆனால் ஒரு தும்பியின் வெட்டையும் மடிப்பையும் நீர் ஒழுகாத தையலையும் பார்த்தால், தோலைக் குழாயாக வளைப்பதில் எந்தக் கார்செட் தையற்காரருக்கும் அதில் பாடம் இருப்பது தெரியும். மலைத் தோட்டத்தில் பெண்கள் மழைக்குத் தலையிலிட்ட கொங்காணி, இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்கு, கூடையைத் தாங்கிய நெற்றிக் கயிறு, கங்காணி முன்பணத்தோடு கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொண்ட கருங்கம்பளி ஆகியவை எல்லாம் உடை வரலாறுதான், அருங்காட்சியகத்தில் வைக்கப்படாத உடை வரலாறு. தோலில் துளையிட்டு ஒளியை வரைவதற்கான கைப்பழக்கமும் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை, குமரி வட்டாரங்களில் தோல்பாவைக் கூத்து நடத்திய மராட்டிய வழிக் குடும்பங்கள் ஆட்டுத்தோலை ஒளி புகும்படி சீவி, சிற்றுளிகளால் நகையும் கிரீடமும் குத்தினார்கள். அந்தத் தோல் பதனிடாதது, பட்டைத்தோலின் தடிமன் அதற்கு இல்லை; ஆகவே நுட்பத்தை அப்படியே மாற்ற முடியாது. ஆனால் உளி எவ்வளவு நெருக்கமாக விழலாம், எத்தனை துளைக்கு மேல் தோல் வலுவிழக்கும் என்ற கணக்கு அவர்கள் கையில் தலைமுறையாக இருந்தது. பல்சக்கரம் ஒட்டுவதைவிட இதைக் கற்றுக்கொள்வது கடினம், பயனும் அதிகம்.

கைகளைப் பற்றிப் பேசாமல் தோலைப் பற்றிப் பேசுவது தமிழ்நாட்டில் நேர்மையாகாது. தென்மாவட்டங்களில் கமலைத் தோலையும் செருப்பையும் மாட்டு வாரையும் தைத்தவர்கள் அருந்ததியர்; வீட்டில் பெரும்பாலும் தெலுங்கு பேசுபவர்கள். கமலைச் சாலைத் தைத்துக் கொடுத்ததற்கு அறுவடையில் தானியம் அளந்தார்கள்; செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் அவர்கள் தலையில் கட்டாயமாகச் சுமத்தப்பட்டது. தாங்கள் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு ஆதிக்கச் சாதியாரின் தெருவில் நடக்கக்கூடாது என்ற தடை பல ஊர்களில் அண்மைக்காலம் வரை இருந்தது. மின்மோட்டார் வந்ததும் கமலை போயிற்று, தொழிற்சாலைச் செருப்பு வந்ததும் கைச்செருப்பு போயிற்று. கைவினை அழிந்ததே என்று இதற்காகப் புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த வேலையிலிருந்து வெளியேறியதை விடுதலையாகப் பார்க்கும் உரிமை அந்தச் சமூகத்துக்கு உண்டு. 2009இல் தமிழ்நாடு கொடுத்த மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடும், உள்வகைப்படுத்தலை ஏற்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவர்களின் பிள்ளைகளைத் தோல்மேடையிலிருந்து கல்லூரிக்கு அழைக்கின்றன. யாரும் அவர்களைப் ‘பாரம்பரியம்’ என்று சொல்லித் திரும்ப உட்காரவைக்கக் கூடாது. அதனால் தோல் அணிக் கைவினை இங்கே வளர வேண்டுமானால் அது சாதித் தொழிலாக இருக்க முடியாது; சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் யாரும் கற்கக்கூடிய தொழிற்கல்வியாக இருக்க வேண்டும். அதே நேரத்தில் அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டு, நகரத்து வடிவமைப்பாளர் தம் பெயரை மட்டும் பொறித்துக்கொண்டால் அது இன்னொரு வகைப் பறிப்பு.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஸ்டீம்பங்க் என்பதே விக்டோரியா மகாராணி காலத்து ஏக்கம். பேரரசின் பளபளப்பை எடுத்துக்கொண்டு அதன் கொடுமையை விட்டுவிடுவது. அடிமைப்பட்ட ஊர் அதை எதற்குக் கொண்டாட வேண்டும்? மேற்கிலேயே இந்த வகை எழுத்தின்மேல் இந்தக் குற்றச்சாட்டு உண்டு. பங்களாக் கார்செட்டும் துரையின் தொப்பியும் மட்டும் தைத்து விற்றால் குற்றச்சாட்டு அப்படியே பொருந்தும். மறுபக்கம், நீராவிக் காலத்தைத் தொடாமலே விட்டுவிட்டால் அந்தக் காலம் மூணாறு விடுதிச் சுவர்களில் தொங்கும் மஞ்சள் பூத்த புகைப்படங்களுக்குச் சொந்தமாகிவிடும்; அவற்றில் பெரும்பாலும் துரைகளுக்குத்தான் பெயர் இருக்கும். கம்பிவடத்தில் பெட்டி ஏற்றியவரும் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு ஓட்டியவரும் அங்கே இல்லை. 2015 செப்டம்பரில் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் மூணாற்றுத் தமிழ்த் தேயிலைத் தொழிலாளிப் பெண்கள் கம்பெனியையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒருங்கே எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தபோது, மலையின் உழைப்பு வரலாறு இன்னும் முடியவில்லை என்று வெளியுலகுக்குத் தெரிந்தது. கற்பனை உடையின் பயன் இங்கேதான். நடந்திராத ஒன்றை நடந்ததுபோல் காட்டும் உரிமை அதற்கு இருக்கிறது. கம்பிவட நிலையத்தைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒரு தொழிலாளிப் பெண், தோல்கச்சை, டவாலி, பித்தளை வில்லையில் அவளுடைய எண்ணுக்குப் பதில் அவளுடைய பெயர் என்று ஒரு நாடகப் பாத்திரத்தை உடுத்தினால், அதில் பேரரசின் ஏக்கம் எங்கே இருக்கும்?

சுற்றுச்சூழல் பற்றிய மறுப்பில் கைவினை ஆதரவாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலை நான் ஏற்கவில்லை. பட்டையில் பதனிடுவது இயற்கையானது, ஆகவே தூய்மையானது என்பார்கள். குரோமியம் இல்லை என்பது உண்மை. ஆனால் தோலைப் பதப்படுத்தும் முன் போடும் உப்பும் சுண்ணாம்பும், ஊறல் குழிகளிலிருந்து வெளியேறும் கரிமக் கழிவும் நீரைக் கெடுப்பதில் குறைவைப்பதில்லை. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பாலாற்றைப் பற்றியதாகவே நினைவுகூரப்படுகிறது. அதன் உத்தரவுகள் திண்டுக்கல் உள்ளிட்ட மற்றத் தோல் மாவட்டங்களுக்கும் பொருந்தின.  ஆவாரம்பட்டையைப் பெரிய அளவில் கேட்டால் கரட்டுக்காடு மொட்டையாகும். ஆகவே போடியில் ஊறல் குழி தோண்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பதனிடும் ஆலையில் தோலை வாங்கி, வெட்டும் தைக்கும் வேலையை மட்டும் இங்கே செய்யலாம். ஒரு கச்சைக்குப் போகும் தோல் சில சதுர அடிதான். ஒரு செருப்பு ஆலையின் ஒரு நாள் தேவைக்கு முன் இது கணக்கிலேயே வராது.

கடைசியாகப் பிழைப்பு. பழங்காலக் கவசமும் வாளும் வார்களும் செய்து உலகுக்கு விற்பது இந்தியாவில் புதிதல்ல. 1943இல் டேராடூனில் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம் கூர்க்காக்களின் குக்ரியில் ஆரம்பித்து, இன்று ஐரோப்பிய வரலாற்று ஆயுதங்களின் நகல்கள் வரை செய்து அனுப்புகிறது. பாகிஸ்தானின் சியால்கோட் தோல் கார்செட்டுகளை மலிவாகக் குவிக்கிறது. விலையில் இவர்களோடு மோதினால் தேனியில் ஒரு தையல்மேடைகூட நிலைக்காது. உள்ளூரில் கேட்பவர் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள், சிதறிக் கிடக்கிறார்கள். 2022இல் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்துக்கு ஏகா லகானி செய்த உடைகள் பேசப்பட்ட பிறகு, வரலாற்றுப் படம் எடுக்கும் ஒவ்வொரு குழுவும் ‘இது அந்தக் காலத்தில் இருந்ததா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளி நாடகம், நடனக் குழு, ஸ்பெஷல் நாடகத்தின் ராஜபார்ட் எல்லாருக்கும் வெல்வெட்டும் அட்டையும்தான் இப்போது கிடைக்கின்றன. இவர்கள் வாங்கப் போவது தோலை மட்டுமில்லை. ஆதாரத்தையும் சேர்த்துத்தான் வாங்குவார்கள். இந்த வார் எந்தக் காலத்து எந்த வேலைக்கானது, எதைப் பார்த்து வெட்டியது, எதைக் கற்பனையாகச் சேர்த்தது, யார் தைத்தது என்று ஒவ்வொரு பொருளோடும் ஒரு சீட்டு போக வேண்டும். ஏலக்காயை மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரித்து, ஏலத்தில் மாதிரியைத் தட்டில் போட்டுக் காட்டி விற்கிற ஊருக்கு, விலையின் பாதி தரச்சான்றில் இருக்கிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈ.ஐ. தோலின் புவிசார் குறியீடு தோலுக்குத்தான் காவல், அதிலிருந்து செய்த பொருளுக்கோ செய்தவருக்கோ காவல் இல்லை. அந்தச் சீட்டில் தைத்தவரின் பெயருக்கு எவ்வளவு கூலி சேரும், வரைந்தவரின் பெயருக்கு எவ்வளவு சேரும் என்பதை முதல் கச்சை விற்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.